மஞ்சளழகியை இன்று எப்படி வாசிப்பது?

வாரம் பிறந்தால் கடைவாசலில் வாசகர்களைக் காத்திருக்க வைத்த எழுத்தாளர்கள் இருவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர்கள். ஒருவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா. இன்னொருவர் அவரைவிடக் கால் நூற்றாண்டு மூத்த சாண்டில்யன் (1910–1987). குமுதம் வார இதழில் தொடராக வந்த சாண்டில்யனின் 'கடல் புறா' நாவலைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் இங்கே உண்டு. அந்தத் தொகுப்பை இன்றைய கல்லூரி மாணவி ஒருத்தி எடுத்தால் என்ன ஆகும்?

முதலில் கதை அவளை இழுத்துக்கொண்டு ஓடும். பாலூர்ப் பெருந்துறையில் கலிங்கக் காவலரிடமிருந்து தப்பும் நாயகன் கருணாகர தொண்டைமான், கடற்போர் கற்றுத்தரும் சீனன் அகூதா, அக்ஷயமுனைக் கோட்டை. போர்த் தந்திரம் விரியும் பக்கங்களில் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது.

பிறகு ஒரு பெண் வருவாள். கதை அப்படியே நின்றுவிடும். அவள் உடலை அங்குலம் அங்குலமாக அளக்கும் வர்ணனை நீண்டுகொண்டே போகும். நாயகனுக்குக் காஞ்சனாதேவி, மஞ்சளழகி என நாயகியர் இருவர். அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை.

'அந்தக் காலம் அப்படி' என்று விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. அதே நாவலில்தான் காஞ்சனாதேவி வாளெடுக்கிறாள். மஞ்சளழகி அறிவாலும் துணிவாலும் கதையைத் திருப்புகிறாள். பெண்ணின் திறமை சாண்டில்யனுக்குத் தெரியாததல்ல. அவர் வர்ணனையைக் கேள்வி கேட்க வெளியிலிருந்து அளவுகோல் வேண்டாம். அவர் படைத்த பெண்களே போதும்.

ஸ்ரீவேணுகோபாலனின் 'திருவரங்கன் உலா' நாவலுக்கும் இதே வாசிப்பு வேண்டும். 1323இல் நடந்த டெல்லி சுல்தானியப் படையெடுப்பில் ஸ்ரீரங்கம் கோயில் உற்சவரான நம்பெருமாளைக் காப்பாற்ற ஊர்விட்டு ஊர் அலைந்தவர்களின் கதை அது. பெருமாள் அரங்கம் திரும்பியது 1371இல். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் நடந்து பழகியவர்களுக்கு இது சொந்த வீட்டுக் கதை; படிக்கும்போது நெஞ்சு பதறும். அந்தப் பதற்றம் எளிதில் வெறுப்பாகி, இன்றைய பக்கத்து வீட்டு இஸ்லாமியர்மேல் பாயக்கூடும். அதற்கு மருந்து கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. பெருமாளிடம் காதல்கொண்ட சுல்தான் மகளாகப் போற்றப்படும் துலுக்க நாச்சியாருக்கு அங்கே சன்னதி உண்டு. அவள் பொருட்டுப் பெருமாளுக்கு ரொட்டி அமுது செய்விக்கிறார்கள். படையெடுப்பை மறக்காத ஊர்தான் அவளையும் நாச்சியாராக ஏற்றது.

ஆகவே இந்தப் புத்தகங்களைப் பரணில் ஒளிக்கவும் வேண்டாம், வெட்டித் திருத்தவும் வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளிடம் முழுசாகக் கொடுங்கள். எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் முகம் சுளித்தது என்று கேளுங்கள். உங்கள் பதிலையும் சொல்லுங்கள். ரசிக்கவும் மறுக்கவும் ஒரே புத்தகத்தில் கற்றுக்கொண்ட வாசகரை எந்தப் பழைய கதையும் ஏமாற்ற முடியாது.