பேரை அழிச்சுட்டா போதுமா பாஸ்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு! காரிடாரில் யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு சர்வே ஃபார்ம். 'மச்சான், ரெண்டே நிமிஷம்... ஃபில் பண்ணிக் குடுத்துடு'ன்னு வாட்ஸ்அப்பில் லிங்க் வேற. நாமும் பேரு, செல் நம்பர், அப்பா சம்பளம், ராத்திரி தூக்கம் வருதா இல்லையா... எல்லாத்தையும் கொட்டிட்டு கேன்டீனுக்குக் கிளம்பிடறோம்.

அந்த எக்ஸெல் ஷீட் அப்புறம் எங்கே போகுதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கோமா?

ஹாஸ்டல் மாணவிகளின் மன அழுத்தம் பற்றி ஒரு சர்வேன்னு வெச்சுக்குவோம். தூக்க மாத்திரை சாப்பிடறதா ஒருத்தி நம்பி எழுதறா. பேரை அழிச்சுட்டு ஷீட்டை டிபார்ட்மென்ட் குரூப்பில் போட்டாச்சு. ஆனா 'செகண்ட் இயர் பிசிக்ஸ், சொந்த ஊர் ராமேஸ்வரம்' மட்டும் அப்படியே இருக்கு. அந்த க்ளாஸில் ராமேஸ்வரம் பொண்ணு ஒரே ஒருத்திதான்! சாயங்காலத்துக்குள்ள ஹாஸ்டலுக்கே தெரிஞ்சுடும்.

கவர்னரே மாட்டினார்!

'அதெல்லாம் சும்மா'ங்கிறீங்களா? அமெரிக்காவில் நிஜமாவே நடந்திருக்கு. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளை, பேர், முகவரியை நீக்கிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்தாங்க. 'யாரோட ரகசியமும் வெளியே போகாது'ன்னு கவர்னர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார்.

அப்போ எம்.ஐ.டி.யில் படிச்சிட்டிருந்த மாணவி லடான்யா ஸ்வீனி, 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். ரெண்டு லிஸ்ட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தார். கவர்னரின் பிறந்த தேதியிலேயே பிறந்தவங்க ஆறு பேர். அதில் ஆண்கள் மூணு பேர். அவரோட அஞ்சல் குறியீட்டு எண்ணில் இருந்தது ஒரே ஒருத்தர். அவ்வளவுதான்... கவர்னரின் மருத்துவப் பதிவு மாணவியின் கையில்!

பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் எண். இந்த மூணே மூணு விஷயத்தை வெச்சு அமெரிக்கர்களில் 87 சதவிகிதம் பேரை அடையாளம் காண வாய்ப்பிருக்குன்னு 2000-ல் கணக்குப் போட்டுக் காட்டினார் அவர்.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பு சொன்னது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதாவது, 2027 மே வரை. பேப்பர் ஃபார்மில் வாங்கினாலும், அதை கம்ப்யூட்டரில் ஏத்தின நிமிஷமே அது சட்டத்தின் எல்லைக்குள் வந்துடும்.

ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு. ஆனா, ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, அந்தத் தகவலை வெச்சு தனிப்பட்ட ஒருத்தர் மேல எந்த முடிவும் எடுக்கக் கூடாது. 'மெஸ் சாப்பாடு சரியில்லை'ன்னு சர்வேயில் எழுதினவனைக் கூப்பிட்டு வார்டன் ஃபைன் போட்டா, விலக்கு காலி! ரெண்டு, தேவையான தகவலை மட்டும் எடுக்கணும், பத்திரமா வெச்சுக்கணும், தேவைப்படும் காலம் வரைக்கும்தான் வெச்சிருக்கணும்னு விதிகள் சொல்ற தரத்தைக் கடைப்பிடிக்கணும்.

இதுல கோட்டை விட்டா முழுச் சட்டமும் பாயும். பாதுகாப்பில் அலட்சியம் காட்டினா அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம்!

ஃபார்மை நீட்டுறதுக்கு முன்னாடி...

* பிறந்த தேதி எதுக்கு? '18 முதல் 20'ன்னு வயசுப் பிரிவு போதுமே!

* எதுக்காகக் கேட்கறீங்க, யார் பார்ப்பாங்க, எப்போ அழிப்பீங்க... மூணையும் முதல்லயே சொல்லிடுங்க. 'வேணாம்'னு சொல்றவங்களைக் கெஞ்சாதீங்க.

* பேர் ஒரு ஃபைலில், பதில் இன்னொரு ஃபைலில். நடுவுல ஒரு கோடு நம்பர் மட்டும். பேர் இருக்கிற ஃபைல் பாஸ்வேர்டோட கைடுகிட்ட இருக்கட்டும்.

* ஒரு பிரிவில் ஒண்ணு, ரெண்டு பேர்தான் இருக்காங்களா? ராமேஸ்வரத்தை 'தென் மாவட்டங்கள்'னு மாத்திடுங்க.

* உடல்நலம் சம்பந்தப்பட்ட ஆய்வா? ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேணும். ஃபர்ஸ்ட் இயரில் 18 நிரம்பாதவங்க இருப்பாங்க, அவங்க பெற்றோர் சம்மதத்தை மறந்துடாதீங்க.

* ப்ராஜெக்ட் முடிஞ்சு, வெச்சிருக்க வேண்டிய காலமும் முடிஞ்சா, பென் டிரைவ், மெயில், வாட்ஸ்அப்னு எல்லா இடத்திலேயும் தேடி அழிச்சுடுங்க.

வைவாவில் சொதப்பினா அரியர் எழுதிக்கலாம். நம்மளை நம்பி ஒருத்தி எழுதின ரகசியம் வெளியே போயிட்டா... அதுக்கு அரியரே கிடையாது ஃப்ரெண்ட்ஸ்!