வளர்ப்புப் பல்லியின் நோயும் அதன் காரணமும்

வீட்டுச் சுவரிலே திரியும் பல்லியை எவரும் வளர்ப்பதில்லை. அது தன்னைத் தானே பேணிக்கொள்கிறது. அதன் உறவினமாகிய சிறுத்தைப் பல்லியோ, மேனாடுகளிற் பல இல்லங்களிலே கண்ணாடிப் பெட்டிக்குள் வாழ்ந்து வருகின்றது. மஞ்சள் மேனியிற் கரும்புள்ளிகள் பரந்திருத்தலால் அதற்கு இப்பெயர் வாய்த்தது. ஆப்கானிஸ்தான், பாக்கிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட கற்பாங்கான நிலங்களே அதன் தாயகம். கல்கத்தா ஆசியக் கழகத்தின் அரும்பொருட்சாலையைப் பொறுப்பேற்று நடத்திய எட்வேட் பிளைத் என்பார், 1854ஆம் ஆண்டில் அதனை விஞ்ஞான முறைப்படி விவரித்துப் பெயரிட்டார். சுவர்ப்பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்குண்டு. சுவரில் ஒட்டி ஏறும் விரலமைப்பு இதற்கில்லை.

நன்கு பேணினால் 15, 20 ஆண்டுகள் உயிர்வாழவல்ல இப்பிராணி, சில வீடுகளில் ஓரிரு ஆண்டிலேயே மடிந்துபோகின்றது. பெரும்பாலும் அதற்குக் காரணம் கிருமியன்று. அது வாழும் பெட்டியே.

"பல்லி இரை தின்னவில்லை" என்பதே வளர்ப்போர் கூறும் முதல் முறைப்பாடு. உடனே மருந்து தேடுவர். சிலர் வாயைத் திறந்து இரையைத் திணிப்பர். இதனினும் பெரிய தவறு வேறில்லை. பல்லி தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணியன்று. நிலத்தின் சூட்டை வயிற்றால் ஏற்றே அது இரையைச் செரிக்கச் செய்கின்றது. குளிர்ந்த வயிற்றினுள் திணிக்கப்பட்ட இரை செரியாது கிடந்து அழுகும். ஆகவே முதலில் ஆராய வேண்டியது பல்லியையன்று, வெப்பமானியையே. பெட்டியின் ஒரு பக்கத்துத் தரை ஏறத்தாழ 32 பாகை செல்சியசும், மறுபக்கம் 25 பாகையளவும் இருத்தல் வேண்டும். வேண்டிய சூட்டைப் பல்லியே இடம் மாறித் தேடிக்கொள்ளும். வெப்பமானியைக் கண்ணாடிச் சுவரில் உயர ஒட்டிவைத்து அதன் கணக்கை நம்புவோர் பலர். பல்லி படுப்பது தரையிலல்லவா?

சூடு சரியாயிருந்தும் உண்ணாதிருப்பின், அப்பொழுதும் அஞ்சவேண்டியதில்லை. இனப்பெருக்க காலத்து ஆண்பல்லி சில வாரங்கள் இரையை வெறுத்தல் இயல்பு. இயல்பையும் நோயையும் பிரித்தறிவது எங்ஙனம்? வாலைப் பார்த்தல் வேண்டும். இப்பல்லியின் வால் ஒரு கொழுப்புக் களஞ்சியம். வால் பருத்திருக்கும் வரையில் பட்டினி பெருந்தீங்கு செய்யாது. வால் மெலிந்து, இடுப்பெலும்பும் புறந்தோன்றுமாயின் நோய் உண்டென்று கொள்ளலாம். கண்ணளவை நம்பாது, வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வைத்தல் நன்று. வளர்ந்த பல்லியின் நிறை பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் வரையாகும். அதிற் பத்திலொரு பங்கு குறைதலும் சிறிய விடயமன்று.

தாடை மெத்தென்றாதல், கால் வளைதல், நடக்கும்பொழுது உடல் நடுங்குதல் ஆகியன சுண்ணாம்புச் சத்துக் குறைவின் அறிகுறிகள். சிள்வண்டிலும் மாப்புழுவிலும் அச்சத்து மிகக் குறைவு. அதனால் இரையின்மீது கல்சியத் தூளைத் தூவிக் கொடுத்தல் இன்றியமையாதது. அத்தூள் உடலிற் சேர்வதற்கு விற்றமின் 'டீ' வேண்டும். அதனைத் தூளுடன் சேர்த்தோ, ஊதாக்கடந்த கதிர் தரும் மெல்லிய விளக்காலோ பெறச் செய்யலாம். வளைந்த எலும்பு பின்னர் முற்றாக நிமிர்வதில்லை.

தோலுரித்தலிலும் ஓர் இடர் உண்டு. பல்லி தான் உரித்த தோலைத் தானே தின்றுவிடுவதால், உரிந்ததை வளர்ப்பவர் காண்பது அரிது. விரல் நுனியில் எஞ்சிய தோல் காய்ந்து நூல்போல் இறுகி, இரத்தவோட்டத்தைத் தடுத்து, விரலையே உதிரச் செய்யும். ஈரப்பாசி வைத்த சிறு மறைவிடம் ஒன்று இருப்பின் இது பெரும்பாலும் நேராது. நேர்ந்துவிடின், ஆழமற்ற இளஞ்சூட்டு நீரிற் சிறிது நேரம் நிற்கவைத்து, ஈரப்பஞ்சால் மெல்ல நீக்கலாம். உலர்ந்த தோலை இழுத்தல் ஆகாது. பெட்டியின் அடியிலே மணல் பரப்பும் வழக்கமும் உண்டு. அவ்வழகு வளர்ப்பவரின் கண்ணுக்கேயன்றிப் பல்லிக்கன்று. இரையோடு விழுங்கிய மணல் குடலை அடைத்துவிடலாம்.

இவையெல்லாம் திருத்தக்கவை. சூடும் இரையும் செம்மையாயிருக்க, வால் குச்சிபோற் சுருங்கி, மலம் நீராய்ப் போகுமாயின், கிரிப்தோசுபோரிடியம் என்னும் நுண்ணிய குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகித்தல் வேண்டும். அதனை முற்றாக ஒழிக்கும் நம்பத்தகுந்த மருந்து இல்லை. வழக்கமான கிருமிநாசினிகளுக்கும் அது எளிதில் மடியாது. புதிய மலத்தை எடுத்துக்கொண்டு, ஊர்வன பற்றி அறிந்த மிருக வைத்தியரிடம் தாமதமின்றிச் செல்வதே வழி. அவ்வொட்டுண்ணி மலத்தின் வழியே பரவுவதால், புதிதாய் வாங்கிய பல்லியை மூன்று மாதமேனும் வேறு அறையிலே தனிப்பெட்டியில் வைத்து, அதன் தண்ணீர்க் கிண்ணத்தையும் மற்றவற்றோடு கலவாது, நாள்தோறும் பழைய பல்லிகளைக் கவனித்த பின்னரே அதனைத் தொடுதல் வேண்டும்.