துடிப்பு ஏறினால் துப்பாக்கி சுடாது!

வாருங்கள், சத்தம் போடாமல் இந்தப் பக்கம் வாருங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பிறந்த ஒரு வீடியோ கேமின் பின்வாசல் இது. பெயர், 'ரேஜ் கன்ட்ரோல்'. முன்பக்கமாகப் போய்ப் பார்த்தால் பழைய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' சாயல்தான். எதிரி விண்கலங்கள் வரும், சுட வேண்டும். நடுநடுவே நம் கட்சிக் கலமும் வந்து தொலைக்கும், அதைச் சுட்டுவிடக் கூடாது. இதில் என்ன புதுசு என்கிறீர்களா? திரையை விடுங்கள், ஆடுகிற பிள்ளையின் சுண்டுவிரலைப் பாருங்கள்.

அங்கே ஒரு சின்ன கிளிப் மாட்டியிருக்கிறது. நாடித்துடிப்பைக் கணக்கெடுத்து நேராக கேமுக்குள் அனுப்புகிறது. துடிப்பு எவ்வளவு என்று திரையிலேயே எண் ஓடும். எதிரிகள் குவியக் குவிய பிள்ளைக்குப் பரபரப்பு ஏறும், எண்ணும் ஏறும். ஒரு எல்லையைத் தாண்டியதோ இல்லையோ, துப்பாக்கி படுத்துவிடும்! பொத்தானை எத்தனை முறை குத்தினாலும் ஒன்றும் ஆகாது. எதிரி பாட்டுக்கு வந்துகொண்டே இருப்பான். மறுபடி சுட வேண்டுமா? ஒரே வழிதான். மூச்சை நிதானமாக இழுத்துவிட்டு, துடிப்பைக் கீழே இறக்கியாக வேண்டும். அதுவும் ஓரமாகப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்து அல்ல, அந்தக் களேபரத்தின் நடுவிலேயே.

இதை வடிவமைத்தவர்களின் குறும்பை நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உலகத்தில் எந்தப் பன்னிரண்டு வயதாவது "கொஞ்சம் அமைதியா இரு" என்ற சொல்லைக் கேட்டு அமைதியாகியிருக்கிறதா? இருந்த கொஞ்ச அமைதியும் போய்விடும். இங்கே அந்த வசனத்தைச் சொல்ல ஆளே கிடையாது. அப்பா இல்லை, டீச்சர் இல்லை, கவுன்சலர் இல்லை. சுடாத துப்பாக்கி மட்டும்தான். அதனிடம் வாதாட முடியுமா, கதவை அறைந்து சாத்தத்தான் முடியுமா?

கோபம் மிதமிஞ்சிய பிள்ளைகளுக்கு, உணர்ச்சி கிளம்பும் மூளைப் பகுதிக்கும் கடிவாளம் பிடிக்கும் பகுதிக்கும் இடையிலான இணைப்பு வலுவில்லாமல் இருக்கிறது என்பது இந்த மருத்துவமனை ஆய்வாளர்களின் விளக்கம். அந்த இணைப்புக்கு அறிவுரை உதவாது, பழக்கம்தான் வேண்டும் என்று முடிவுசெய்திருக்கிறார்கள். 2012இல் வெளியான முதல் ஆய்வில், மனநலப் பிரிவில் தங்கிச் சிகிச்சை பெற்ற 9 முதல் 17 வயதுவரையிலான பிள்ளைகளில் 18 பேருக்கு இந்த கேமைக் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. கோபத்தைக் கையாளும் பேச்சுப் பயிற்சி முதலில், அதன் வாலில் 15 நிமிடம் ஆட்டம். இப்படி ஐந்து அமர்வுகள். கேம் இல்லாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இவர்களுக்குக் கோபத்தின் வேகம் நன்றாகவே தணிந்திருந்தது.

இப்போது மெதுவாக அடுத்த அறைக்கு வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த அறை இதுதான். போலி கேம் வைத்திருக்கும் அறை!

கேமால்தான் பிள்ளை தேறியதா, அல்லது யாரோ உட்கார்ந்து பேசியதாலும், பிடித்தமாக ஏதோ ஆடக் கிடைத்ததாலும் தேறியதா? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அதே ஆய்வுக் குழு இன்னொரு கேம் செய்தது. அதே கலங்கள், அதே துப்பாக்கி, அதே கிளிப். ஒரே ஒரு வித்தியாசம்: துடிப்பு எவ்வளவு ஏறினாலும் துப்பாக்கி சுட்டுக்கொண்டே இருக்கும். 7 முதல் 17 வயதுவரை 40 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அசல், மறுபாதிக்குப் போலி. 2021இல் முடிவு வெளிவந்தது. மூர்க்கம் குறைந்ததில் அசல் கேம் ஆடியவர்களின் கை ஓங்கியிருந்தது. அந்தப் பாழாய்ப்போன துப்பாக்கி அடம்பிடித்ததற்குப் பலன் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? நாற்பது பேரை வைத்து ஊரையே தீர்மானிக்க முடியாதுதான். இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் குதிக்கத் தோன்றுகிறது.

குதிப்பதற்கு முன் நெதர்லாந்துக்கு ஒரு நடை போய்வந்துவிடுவோம், கொட்டம் தானாக அடங்கும். அங்கே 'மைண்ட்லைட்' என்று ஒரு கேம். பாட்டியின் இருண்ட மாளிகைக்குள் ஒரு பையன் நுழைகிறான். அவன் தொப்பியில் ஒரு விளக்கு. ஆடும் பிள்ளையின் தலையில் மூளை அலைகளை அளக்கும் பட்டை. பிள்ளையின் மனம் தளர்ந்து அமைதியானால் விளக்கு பிரகாசிக்கும், பயந்தால் மங்கும். எவ்வளவு அழகான யோசனை! 136 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள், பதற்றம் குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மறுபாதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது கடையில் விற்கும் ஒரு சாதாரண கேம். அவர்களுக்கும் பதற்றம் அதே அளவு குறைந்துவிட்டது! 2016இல் இந்த முடிவை ஒளிக்காமல் வெளியிட்டார்கள் பாருங்கள், அதற்காகவே அவர்களுக்கு ஒரு சபாஷ். தலையில் பட்டை, விரலில் கிளிப் என்று எதையாவது மாட்டிவிட்டாலே மனம் வசப்பட்டுவிடும் என்று யாராவது விற்க வந்தால், இந்த ஒரு சோதனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நியூசிலாந்து. இந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவர்களுக்கான கேம் 'ஸ்பார்க்ஸ்', 12 முதல் 19 வரை. இதில் கிளிப்பும் இல்லை, பட்டையும் இல்லை. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் குழந்தை மனநல மருத்துவர் சாலி மெர்ரி தலைமையிலான குழுவும், மாரு நிஹோனிஹோவின் 'மெட்டியா இன்டராக்டிவ்' நிறுவனமும் சேர்ந்து செய்தது. ஏழு மாகாணங்கள்: குகை, பனி, எரிமலை, மலை, சதுப்பு, பாலங்கள், பள்ளத்தாக்கு. உங்கள் வீரனோ வீராங்கனையோ உள்ளே போனால் 'நாட்' என்ற பறக்கும் குட்டிச் சாத்தான்கள் மொய்க்கும். அவை கடிக்காது, பேசும். "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்ற ரகப் பேச்சு. சோர்ந்த மனதுக்குள் தானாக ஓடும் எண்ணங்கள்தான் இறக்கை முளைத்து வருகின்றன. அடித்து வீழ்த்தலாம்! முகமில்லாமல் உள்ளேயே முனகிக்கொண்டிருந்த ஒன்றுக்கு முகம் வைத்து எதிரே நிறுத்தினார்களே, அங்கேதான் இந்தக் குழுவின் சாமர்த்தியம் இருக்கிறது.

ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வழிகாட்டி வந்து, உள்ளே நடந்ததற்கும் நிஜ வாழ்க்கைக்கும் முடிச்சுப் போடுவார். எரிமலை மாகாணத்தில் பொங்கும் உணர்ச்சியை எப்படிச் சமாளித்தாய், வகுப்பில் எவனாவது சீண்டினால் அதை எப்படிப் பயன்படுத்துவாய் என்கிற மாதிரி. கதை போகிற வேகத்தில் இதைத் தாண்டிவிடத்தான் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் சரக்கே அங்கேதான் இருக்கிறது.

மனச்சோர்வுக்கு உதவி தேடிவந்த 187 பேரிடம் சோதித்து, வழக்கமான ஆலோசனைக்கு இது சளைத்ததல்ல என்று 2012இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். மனச்சோர்விலிருந்து முழுதாக மீண்டவர்கள் கேம் பக்கம் நூற்றுக்கு 44 பேர், ஆலோசனைப் பக்கம் 26 பேர். 2014இல் அரசு இதை நாட்டின் இளையோருக்கெல்லாம் இலவசமாகத் திறந்துவிட்டது. அப்புறம்தான் வேடிக்கை. ஆய்வில் பெரும்பாலோர் ஏழு மாகாணமும் முடித்திருந்தார்கள். தானாக வந்து ஆடியவர்களோ பாதி வழியிலேயே, பலர் முதல் மாகாணத்திலேயே, கழன்றுகொண்டார்கள். யாராவது "எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்க இருந்தால்தான் கதை நகரும்போல. போனைக் கையில் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடலாம் என்ற பெற்றோரின் பெருங்கனவுக்கு இப்படி ஒரு ஆப்பு!

அந்த கேம் இப்போது கனடாவின் வடகோடி நுனாவுட் வரை போயிருக்கிறது. இனுயிட் இளைஞர்கள் முதலில் நியூசிலாந்துப் பதிப்பை ஆடிப் பார்த்தார்கள். பிறகு, இது எங்கள் ஊர் மாதிரி இல்லையே என்று தங்கள் பண்பாட்டுக்கு ஏற்ற பதிப்பை உருவாக்கும் வேலையில் தாங்களே இறங்கிவிட்டார்கள். ஆடப் போன பிள்ளைகள் நம்மைத் தள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிட்டார்கள். கொஞ்சம் நகர்ந்து வழி விடுங்கள், அவர்களுக்கு வேலை இருக்கிறது.