போர்க்லிப்ட்: சாவியைக் கொடுக்குமுன் அறிய வேண்டியவை

தஞ்சை - புதுக்கோட்டை சாலையில் உள்ள நமது கந்தர்வக்கோட்டைப் பகுதி, நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்றது. முந்திரிக்கொட்டை மூட்டை பெரும்பாலும் 80 கிலோ. ஒரு ஆண் தொழிலாளி சுமப்பது 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. மூட்டை தூக்க ஆள் கிடைப்பதும் அரிதாகி வருகிறது. ஆகவே போர்க்லிப்ட் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா என்று வணிகர்கள் யோசிப்பது இயல்பே. ஆனால் "லாரி ஓட்டுகிற பையன்தானே, இதையும் ஓட்டிவிடுவான்" என்று சாவியைக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

இந்த வண்டி நமக்குப் பழக்கமான தராசுதான். முன்சக்கரம் தராசின் முள். முன்னால் சரக்கு, பின்னால் எடைக்கல்லாக ஒரு பெரிய இரும்புப் பாளம். பழைய வெள்ளிக்கோலில் தூக்குக் கயிறு ஒரு வரை நகர்ந்தாலும் கணக்கு மாறுமல்லவா? இங்கும் அப்படியே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,500 கிலோ வண்டி என்றால், சரக்கின் நடுப்பகுதி கரத்தின் அடியிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது மட்டுமே அந்த அளவு. அடியிலிருந்து முன்சக்கர அச்சு 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 90 செ.மீ. சரக்கு 10 செ.மீ. தள்ளி அமர்ந்தால் 100 செ.மீ. ஆகிறது, தாங்கும் எடை 1,350 கிலோவாகக் குறைகிறது. 18 மூட்டை முந்திரிக்கொட்டை 1,440 கிலோ! அரைச் சாணுக்கும் குறைவான இடைவெளியில் வண்டி தாங்கும் எடை வரம்பு மீறப்படுகிறது; வரம்பு மீறினால் பின்பக்கம் மேலெழும்பக்கூடும். எனவே சரக்கு கரத்தின் அடியில் ஒட்டி அமர வேண்டும். வண்டியில் பொருத்திய எடைத்தகட்டைப் படிக்காமல் தூக்கக் கூடாது.

அடுத்து ஸ்டீயரிங். காருக்கு முன்சக்கரம் திரும்பும்; இதற்குப் பின்சக்கரம் திரும்பும். வளைக்கும்போது வண்டியின் வால்பகுதி வெளியே வீசும். பக்கத்தில் நிற்பவர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே சிக்கிக்கொள்வார்.

லீவர்களில் பெரும்பாலும் ஸ்டீயரிங்கை ஒட்டியது ஏற்றி இறக்கவும், அடுத்தது தூணை முன்பின் சாய்க்கவும் பயன்படும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறலாம். காலி வண்டியில், ஆளில்லாத இடத்தில் பழகிய பிறகே சரக்கைத் தொட வேண்டும். ஓடும்போது கரங்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கட்டும். தூண் சற்றுப் பின்சாய்ந்திருக்கட்டும். சரக்கை உயரத்தில் வைத்துக்கொண்டு திருப்பினால் வண்டி பக்கவாட்டில் கவிழும். சரக்கு பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும். சரிவில் ஏறினாலும் இறங்கினாலும் சரக்கு மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும். அதாவது, இறங்கும்போது ரிவர்சில் வர வேண்டும்.

வண்டி கவிழும்போது வெளியே குதிப்பதுதான் மனித இயல்பு. குதித்தவர் மேலேயே கூரைச் சட்டம் விழுகிறது. பெல்ட் போட்டு, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, கவிழும் பக்கத்துக்கு எதிராகச் சாய்ந்து உள்ளேயே இருப்பதே பிழைக்கும் வழி. கரத்தின் மேல் ஆளை நிறுத்தி அட்டியில் ஏற்றுவதும், தூக்கிய சரக்கின் கீழே நடப்பதும் அறவே கூடாது.

நமது குடோன்கள் பலவற்றில் ஜன்னல் குறைவு. அடைத்த இடத்தில் டீசல் வண்டியின் புகை விஷம். பேட்டரி வண்டி சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் வாயு வெளிவரும். அருகில் பீடி, சிகரெட் வேண்டாம்.

வேலை முடிந்ததும் கரங்களைத் தரையில் இறக்கி, நியூட்ரலில் போட்டு, கைபிரேக் இழுத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். அந்தச் சாவி முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் மட்டுமே இருக்கட்டும். பயிற்சிக்கு ஆகும் செலவைச் சரக்கு வாங்கிய செலவோடு சேர்த்து எழுதுவோம். மூட்டை கிழிந்தால் கொட்டியதை அள்ளிவிடலாம். நம்மை நம்பி வேலைக்கு வந்தவரின் உயிருக்கு எந்தக் கணக்கிலும் ஈடு எழுத முடியாது.