ஒன்றரை ஷிப்டும் ஓய்வறியாத உடம்பும்

எங்கள் மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பாலோர் பின்னலாடைத் தொழிலோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்புடையவர்கள். ஓவர்லாக் தையல், கட்டிங், செக்கிங், அயனிங், பேக்கிங் என அவர்களின் வேலை வேறுபடலாம். ஆனால் மருத்துவ அறையில் நாங்கள் கேட்கும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றே: "நேரம் கிடைக்கறதில்லீங்க."

நாங்கள் கண்ட சிலரது அனுபவங்களைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறோம். ஊத்துக்குளியிலிருந்து நாள்தோறும் கம்பெனி வேனில் திருப்பூருக்குச் சென்று வரும், நாற்பது வயதை நெருங்கும் பெண் தையலர் அவர். இரத்த அழுத்தம் இருப்பது முன்பே தெரியும். மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தோம். நான்கு மாதங்களுக்கு முன் அவராகவே அதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் மாலை தேநீர் இடைவேளையில் டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. "மயக்கமா இருக்கும், கொஞ்ச நேரம் படுங்க அக்கா" என்று உடன் வேலை செய்தவர்கள் சோடா கொடுத்துப் படுக்க வைத்தார்கள். ஷிப்ட் முடிந்து, வீட்டாருக்குத் தகவல் சொல்லி, மருத்துவமனைக்கு அழைத்து வந்தபோது ஏழு மணி நேரம் கடந்திருந்தது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பு அது. உயிர் பிழைத்தார், ஆனால் வலக்கை இன்னும் ஊசியில் நூல் கோக்கும் நிலைக்குத் திரும்பவில்லை.

"தலைவலிகூட இல்லீங்க, அதனாலதான் மாத்திரையை நிறுத்திட்டேனுங்க" என்பதே அவர் சொன்ன விளக்கம். இந்த ஒரு வாக்கியம் எத்தனை குடும்பங்களின் வருமானத்தைக் கவிழ்த்திருக்கிறது என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே ஒன்றரை ஷிப்ட் வேலை செய்யும் ஒருவரின் நாளை விடியல் முதல் இரவு வரை தொடர்ந்து சென்று, எந்தெந்த இடத்தில் உடல்நலத்தைக் காத்துக்கொள்ளலாம் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

நம் மூளையின் அடிப்பகுதியில், பகலையும் இரவையும் வெளிச்சத்தின் மூலம் உணர்ந்துகொள்ளும் ஒரு சிறு நரம்புத் தொகுதி உள்ளது. தூக்கம், பசி, உடல் வெப்பம், இரத்த அழுத்தம், இன்சுலின் சுரப்பு ஆகியவை அதன் தாளத்திற்கு ஏற்ப ஏறி இறங்குகின்றன. இந்தத் தாளம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். பகலில் உண்ணும் அதே அளவு சோற்றை இரவு பத்து மணிக்கு மேல் உண்டால், இரத்தச் சர்க்கரை கூடுதலாக உயர்ந்து நீண்ட நேரம் நிற்கும். அந்நேரத்தில் இன்சுலினின் வேலைத்திறன் குறைந்திருப்பதே காரணம். தூக்கம் குறைந்தாலோ பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. 'போதும்' என்று உணர்த்தும் சுரப்பு குறைகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பி, பதினொன்றரைக்குப் படுப்பவருக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. வாரத்தில் ஆறு நாள் இப்படிக் கழிந்தால், ஞாயிறு ஒரு நாள் தூங்கி அந்தக் கடனை முழுதும் அடைத்துவிட முடியாது.

வேலை நேரத்தை மாற்றுவது பலருக்குக் கைவசம் இல்லை என்பதை உணர்ந்தே எழுதுகிறோம். ஆனால் உணவு நேரத்தை ஓரளவு மாற்ற முடியும். ஒன்றரை ஷிப்ட் நாளில் மாலை ஆறு, ஏழு மணி இடைவேளையிலேயே இரவு உணவின் பெரும் பகுதியை உண்டுவிடுங்கள். வீட்டிற்கு வந்தபின் ஒரு டம்ளர் மோரோ சிறிதளவு சுண்டலோ போதும். இரவு ஷிப்ட் பார்க்கும் நிட்டிங் தொழிலாளர்கள் நள்ளிரவில் முழுச் சாப்பாட்டைத் தவிர்த்து, வேலைக்குப் புறப்படும் முன்பே உண்பது நல்லது. காலையில் வீடு திரும்பியதும் அறையை இருட்டாக்கி, கைப்பேசியை வேறிடத்தில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

தேநீர் இடைவேளையும் சாப்பாட்டுத் தூக்கும்

ஒரு டம்ளர் தேநீரில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் ஏறத்தாழ 10 கிராம். நாளொன்றுக்கு நான்கு தேநீர் என்றால் 40 கிராம். ஒருவர் ஒரு நாளில் உண்ணும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வரக்கூடாது என்றும், இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சராசரி உணவு உண்பவருக்கு இது முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். தேநீரிலேயே 40 கிராம் போய்விட்டால் பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் இடமேது? முதல் வாரம் ஒன்றரைத் தேக்கரண்டி, அடுத்த வாரம் ஒன்று, பிறகு அரை எனக் குறைத்துப் பாருங்கள். நாக்கு விரைவில் பழகிவிடும். போண்டா, வடைக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, அவித்த தட்டைப்பயிறு, ஒரு கொய்யா ஆகியவற்றில் ஒன்றைத் தூக்கிலேயே எடுத்துச் செல்லலாம்.

மதிய உணவில் பாதியளவு காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறும், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீனும் இருக்கட்டும். கொங்கு நாட்டுச் சமையலில் இதற்குப் பஞ்சமில்லை. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயிறு கடைசல், கீரைக் கடைசல் ஆகியவை மலிவானவை; நிறைவானவை. நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உள்ளது. கேழ்வரகுக் களி உண்டால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை மட்டும் சரியன்று. அதில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆயினும் அதுவும் மாவுச்சத்தே. அளவு முக்கியம்.

ஊத்துக்குளிக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வெண்ணெய் சாப்பிடலாமுங்களா?" வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு, அதில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு தேக்கரண்டியில் சுமார் 35 கலோரி. அது நஞ்சும் அன்று, மருந்தும் அன்று. இதய நோயோ கொழுப்பு மிகுதியோ இல்லாதவர்கள் எப்போதாவது சிறிதளவு உண்ணலாம். மற்றவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்க. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மோரை உப்புக் குறைத்து எல்லோரும் விருப்பம்போல் அருந்தலாம். சிறுநீரகக் கோளாறு அல்லது இதயச் செயலிழப்புக்காக நீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் அந்த அளவை மீற வேண்டாம்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் மிக்சர் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிவறைக்குச் சென்றால் பீஸ் எண்ணிக்கை குறையும் என்று பல பெண்கள் தண்ணீரையே தவிர்க்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் இதுவே வழி. ஒரு லிட்டர் பாட்டிலை அருகில் வைத்து, மதியத்திற்குள் ஒரு முறை, வீடு திரும்புமுன் ஒரு முறை காலி செய்யுங்கள்.

அமர்ந்தோரும் நின்றோரும்

தையலர்கள் பல மணி நேரம் குனிந்து அமர்கிறார்கள். செக்கிங், அயனிங் பிரிவினர் பல மணி நேரம் நிற்கிறார்கள். முன்னவருக்குக் கழுத்தும் இடுப்பும், பின்னவருக்குக் கால் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. மணிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் எழுந்து தோளைச் சுழற்றுவதும், நிற்போர் குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குவதும் பயன் தரும்.

வேலையில் உடம்பு வலிக்கிறது என்பதால் உடற்பயிற்சி ஆகிவிட்டது என்று எண்ண வேண்டாம். வாரத்திற்கு 150 நிமிட மிதமான நடையே இதயத்திற்கான பயிற்சி. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். வேன் நிற்கும் இடத்திற்கு பத்து நிமிடம், திரும்பும்போது பத்து நிமிடம் விரைந்து நடந்தால் ஆறு நாளில் 120 நிமிடம் சேர்ந்துவிடும். மீதி அரை மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நடந்து நிறைவு செய்யலாம்.

பஞ்சுத் தூசு பறக்கும் இடத்தில் முகக்கவசம் அணியுங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் தூசு என்று ஒதுக்காமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மாத்திரையும் ஷிப்டும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது; வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் உயர் இரத்த அழுத்தம் உள்ளது. இரண்டும் ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி இருக்கக் கூடியவை. தலைவலி இல்லை என்பது அழுத்தம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அளந்து பார்ப்பதே சான்று. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை தேவை. மாத்திரை உண்டு அழுத்தம் சீரானால், அது நோய் நீங்கியதன் அடையாளம் அன்று; மாத்திரை வேலை செய்வதன் அடையாளம்.

நீரிழிவு மாத்திரை சிலவும் இன்சுலினும், உண்ண வேண்டிய உணவு தள்ளிப்போனால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல், காரணமற்ற எரிச்சல் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே எந்திரத்தை நிறுத்திவிட்டு, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒரு முறை குடித்துவிட்டு, பின்னர் உணவு உண்ணுங்கள். நினைவு தடுமாறியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். பையில் எப்போதும் சிறிது சர்க்கரை இருக்கட்டும். ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக உண்ணக் கூடாது. ஷிப்ட் மாறும்போது மருந்து நேரத்தை நீங்களாக மாற்றாமல் எங்களிடம் கேளுங்கள். இன்சுலினை வண்டிப் பெட்டியிலோ தகரக் கூரையின் கீழோ வைக்க வேண்டாம். அதன் வீரியம் கெட்டுவிடும்.

மனத்தின் பாரம்

வாரக் கடைசிச் சம்பளம், வட்டிக் கடன், பிள்ளைகளின் கல்விக் கட்டணம், சொந்த ஊரை விட்டு வந்த தனிமை ஆகியவை மாத்திரைச் சீட்டில் எழுதப்படாத நோய்க் காரணங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் எதிலும் நாட்டமின்மை, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் அது மன உறுதிக் குறைவன்று. சிகிச்சையால் சீராகும் நோய். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அசதி தீர என்று தொடங்கும் மது, அரைகுறைத் தூக்கத்தையே தரும். மறுநாள் அழுத்தத்தையும் ஏற்றும். வீட்டிலிருப்போர் கண்டிக்கும் முன் ஒரு முறை காது கொடுத்துக் கேளுங்கள்.

குடும்பத்தார் மறக்கக் கூடாதவை

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் அது பக்கவாதமாகவே கருதப்பட வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும்; அதற்கு முன் மூளை ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். ஆகவே சோடா வேண்டாம், படுக்க வைத்துக் காத்திருக்க வேண்டாம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். இதை உங்கள் லைனில் வேலை செய்வோரிடமும் சொல்லி வையுங்கள்.

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வீட்டிற்கு வரும் ஊழியர்களிடமும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இலவசம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளோர் அதன் மருந்தகத்தையும் பயன்படுத்தலாம்.

தொடக்கத்தில் சொன்ன அந்தத் தையலர் இப்போது மாதந்தோறும் இயன்முறைச் சிகிச்சைக்கு வருகிறார். பள்ளியில் படிக்கும் மகள், இரவு உணவுக்குப்பின் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே நாட்காட்டியில் கோடு போடுகிறாள். அந்தக் கோட்டை நான்கு மாதங்களுக்கு முன்பே யாரேனும் போட்டிருக்கலாம் என்று அவர் எங்களிடம் சொன்னார். உங்கள் வீட்டில் மாத்திரை உண்பவர் இருந்தால், இன்றிரவே நாட்காட்டியை எடுத்து வையுங்கள்.