சூல்வலிப்பும் மூளைச் சிக்கல்களும்

முன்சூல்வலிப்பு என்பது கருவுற்ற 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ கல்லீரல், சிறுநீரகம், மூளை முதலியன பாதிக்கப்படுவதோ சேர்ந்து வரும் நோயாகும். இந்நோயில் வலிப்பு உண்டானால் அது சூல்வலிப்பு எனப்படும். பேச்சுவழக்கில் இதையும் 'ஜன்னி' என்பர்.

நஞ்சுக்கொடியிலிருந்து வெளிப்படும் சில பொருட்கள் இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சேதப்படுத்துகின்றன. அழுத்தமும் உயரும்போது மூளைக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, பெரும்பாலும் மூளையின் பின்பகுதி வீங்குகிறது. பார்வைக்குரிய பகுதி அங்கிருப்பதால் கண் மங்குதல், பொறி பறத்தல், சிலருக்குத் தற்காலிகப் பார்வையிழப்புகூட ஏற்படும். இவ்வீக்கம் பெரும்பாலும் சில நாட்களில் வடிந்துவிடும். மூளை இரத்தக்கசிவு அப்படியன்று. இந்நோயில் நேரும் தாய் மரணங்களுக்கு அது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

சிகிச்சை

இதன் வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடமுண்டு. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் எம். கே. கிருஷ்ண மேனன், குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் ஆகிய மூன்றும் சேர்ந்த முறையை 1961இல் வெளியிட்டார். இந்திய மருத்துவமனைகள் பல ஆண்டுகள் அதைப் பின்பற்றின. பின்னர் இந்தியாவும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்று 1995இல் வெளிவந்தது. வலிப்பு மீண்டும் வராமல் தடுப்பதில் டையசிபாம், பெனிட்டாயின் இரண்டையும்விட மக்னீசியம் சல்பேட்டு மேலானது என அது காட்டியது. 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு, வலிப்பு வருமுன்பே இம்மருந்தைக் கொடுத்தால் அதன் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைக் கண்டது.

முதல் தவணையாக இரு பிட்டங்களிலும் 5 கிராம் வீதம் 10 கிராம் ஊசி போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கும் இந்திய அரசின் வழிகாட்டுதல் இடமளிக்கிறது. அடுத்த தவணைகளுக்கு முன் முழங்கால் அனிச்சை, மூச்சு, சிறுநீர் அளவு மூன்றையும் பார்க்க வேண்டும். மருந்து மிகுந்தால் மூச்சு அடங்கும். கால்சியம் குளுக்கோனேட்டு மாற்று மருந்து. மக்னீசியம் வலிப்பைத் தடுக்குமே தவிர அழுத்தத்தைக் குறைக்காது. எனவே 160/110ஐத் தாண்டினால் லேபெட்டலால், நிபெடிபின் போன்றவை உடனே தேவை. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிவந்தால்தான் நோய் தணியத் தொடங்கும்.

திருச்சி, திருவரங்கம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கத்தில் அரசு மருத்துவமனை உண்டு. தீவிர நிலையில் உள்ளவர்களைப் பாலம் கடந்து, புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலாம். 108 ஊர்தியை அழைக்கலாம். தொலைவு சில கிலோமீட்டர்தான். தாமதம் பெரும்பாலும் வீட்டில் நிகழ்கிறது. வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் ஏழாம், ஒன்பதாம் மாதங்களே இந்நோய் தலைகாட்டும் காலம். பரிசோதனை அட்டை புகுந்த வீட்டிலேயே தங்கிவிட்டால் முந்தைய அழுத்த அளவு புதிய மருத்துவருக்குத் தெரியாது. கால் வீக்கத்தை 'நீர் போட்டிருக்கிறது' என்று விட்டுவிடுவதும் உண்டு. வீக்கம் மட்டும் நோயாகாது; ஆனால் விடாத தலைவலியோ, கண் மங்கலோ, மேல்வயிற்று வலியோ சேர்ந்தால் அன்றே அழுத்தம் பார்க்க வேண்டும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைக்காமல் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும், குறிப்பாக முதல் இரண்டு நாட்களில், அரிதாகச் சில வாரங்கள் கழித்தும் வலிப்பு வரக்கூடும்.