குழாயில் வரும் மனிதப் புரதம்

நூம்பலை அடுத்த வேலப்பன்சாவடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே ஆய்வில் இறங்கும் மாணவர் கைக்கு ஒரு நாள் சிறு குழாய் ஒன்று வந்து சேரலாம்: மறுசேர்க்கை மனித சாப்ரோன் புரதம், ஆய்வுக்கு மட்டும். அதற்குள் இருப்பது மருந்தல்ல. ஆனால் மருந்துக்கு வழிகாட்டும் பல கேள்விகளை அதை வைத்துத்தான் கேட்க முடியும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. சரியாக மடிந்தால்தான் அது வேலை செய்யும். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கட்டியாவது, மடிப்புக் கலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால். உடலுக்குள் அப்படி நேராமல் காப்பவை சாப்ரோன்கள்.

கண் லென்ஸுக்கு இந்தக் காவல் மிக அவசியம். அதன் நடுப்பகுதிப் புரதங்கள் நாம் பிறக்கும் முன்பே உருவானவை. ஆயுள் முழுக்க அவை புதுப்பிக்கப்படுவதில்லை. அவை திரண்டால் கண்புரை. லென்ஸில் நிறைந்திருக்கும் ஆல்பா கிரிஸ்டலின் ஒரு சாப்ரோன்போல் செயல்படுகிறது என்று 1992இல் ஜோசப் ஹார்விட்ஸ் காட்டினார். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் சி. மோகன் ராவின் குழு அதை ஆழமாக ஆராய்ந்தது.

சோதனை எளிமையானது, அழகானதும்கூட. இன்சுலினின் இரு சங்கிலிகளை இணைக்கும் கந்தகப் பிணைப்புகளை ஒரு வேதிப்பொருளால் அறுத்தால், ஒரு சங்கிலி திரண்டு கரைசல் கலங்கும். போதிய அளவு ஆல்பா கிரிஸ்டலின் சேர்த்தால் தெளிவாகவே இருக்கும். கலங்கலை ஒளிச்சிதறலாக அளந்துவிடலாம்.

ஆய்வுக்காக உயிருள்ள மனிதரின் நலமான லென்ஸை வெட்டி எடுக்க முடியாது. அதனால் மனித மரபணுவை ஈ. கோலி பாக்டீரியாவுக்குள் வைத்துப் புரதத்தை உருவாக்கி, பிரித்துச் சுத்திகரிக்கிறார்கள்; குழாயில் வரும் மறுசேர்க்கைப் புரதம் இதுதான். இதில் பெரிய வசதி, மரபணுவில் விரும்பிய எழுத்தை மாற்றிப் பார்க்கலாம் என்பதே. பிறவிக் கண்புரை உள்ள ஒரு குடும்பத்தில், 173 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்பா-ஏ கிரிஸ்டலினின் 116ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன் இருப்பது 1998இல் தெரியவந்தது. ராவ் குழு அதே மாற்றத்தைச் செய்து 1999இல் சோதித்தது. சாப்ரோன் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதன் விளைவு இது.

பாக்டீரியாவில் செய்ததாலேயே ஓர் ஆபத்தும் உண்டு. ஹெச்.எஸ்.பி.70 என்ற மனித சாப்ரோன் நோய் எதிர்ப்பு உயிரணுக்களைத் தூண்டுகிறது என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. 2003இல் காவ், சான் இருவரும், தாங்கள் சோதித்த புரதத்தில் அந்தத் தூண்டலைச் செய்தது ஈ. கோலியின் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருளின் கலப்படம் என்று காட்டினார்கள்.

எனவே குழாயோடு வரும் சான்றிதழில் 'தூய்மை 95 சதவீதம்' என்று பார்த்ததும் நின்றுவிடாதீர்கள். அந்த எண் மற்ற புரதங்களின் கலப்பை மட்டுமே சொல்லும். எண்டோடாக்சின் புரதமே அல்ல. உயிரணுக்கள்மீது சோதிப்பதானால் அதன் அளவைத் தனியே கேட்டு வாங்குங்கள். குழாய் வந்த அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் சாப்ரோனும் மடிப்புக் கலைந்து திரண்டுவிடலாம்.